61 கட்டையா, 88 கட்டையா? பியானோ கற்கும் பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கும் முன்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் குடும்பம் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே ஒரு பழைய பியானோ இருக்கிறது. வியன்னாவில் ஆன்டன் வால்டர் என்ற கைவினைஞர் 1782 வாக்கில் செய்தது. மோட்சார்ட் வியன்னாவில் இருந்த காலத்தில் தன் கான்செர்ட்டோக்களை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) வாசிக்கப் பயன்படுத்தியது அதைத்தான். அதில் இருப்பவை 61 கட்டைகள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பியானோ சொல்லித்தரும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: "சார், பொண்ணைப் பியானோ கிளாஸ்ல சேர்த்திருக்கோம். கீபோர்டு 61 போதுமா, 88 வாங்கணுமா?" 88 என்பது இன்றைய முழுப் பியானோவின் கட்டைக் கணக்கு. ஒவ்வொரு முறையும் எனக்கு வால்டரின் பியானோ நினைவுக்கு வரும். மோட்சார்ட்டுக்குப் போதுமாக இருந்த 61 நம் பிள்ளைக்குப் போதாதா? எண்ணிக்கை மட்டும் என்றால் தாராளமாகப் போதும். அந்த 61 கட்டைக்கும் கடையில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற 61 கட்டைக்கும் உள்ள வேறுபாடு கட்டையின் அடியில் இருக்கிறது. குறைந்த பணத்தில் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

(கட்டை என்றே எழுதுகிறேன். ஆர்மோனியம் நம் ஊருக்கு வந்த நாளிலிருந்து நமக்கு அது கட்டைதான். பாடகர்கள் "எனக்கு அஞ்சு கட்டை" என்று சுருதி சொல்வதும் அந்தக் கட்டைகளை எண்ணித்தான். கடையில் "61 கீஸ்" என்று கேளுங்கள், புரியும்.)

பியானோ எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தோலோமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர் செய்த கருவி அது. அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு ஓசைதான். கிறிஸ்தோஃபோரி முள்ளை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுத்தியல் எழுந்து தந்தியில் மோதும். மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடிந்தது. "பியானோ" என்றால் மெல்ல, "ஃபோர்ட்டே" என்றால் உரக்க. அந்த இரண்டும் சேர்ந்துதான் கருவியின் பெயரே வந்தது.

நமக்குப் பழக்கமான ஆர்மோனியம் இதற்கு நேர் எதிர். அங்கே ஓசையைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடும் கையின் வேலை. விரல் வெறுமனே காற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. விலை குறைந்த கீபோர்டுகள் பலவும் இந்த வகையில்தான் வேலை செய்கின்றன. கட்டையைத் தொட்டால் ஓசை வரும், எடுத்தால் நிற்கும், எப்படித் தொட்டாலும் ஒரே அளவு. ஓசையின் அளவு ஒரு குமிழிலோ பொத்தானிலோ இருக்கும். அதில் பயிலும் பிள்ளையின் விரல், மின்விசிறி சுவிட்சைப் போடுவதுபோல் கட்டையைப் போடப் பழகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அதற்கு முன் ஒன்றரை ஆண்டு வேறிடத்தில் கற்றிருந்தாள். வீட்டில் இருந்தது மேலே சொன்ன வகைக் கீபோர்டு. சுரம் ஒன்றுகூடத் தப்பாது, தாளமும் கச்சிதம். என் அறையில் இருந்த மரப் பியானோவில், அதாவது தந்தியும் சுத்தியலும் உள்ள அசல் பியானோவில், அதே பாடத்தை வாசித்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் தொட்ட சுரங்கள் பாதி காணாமல் போயின. பெருவிரல் இறங்கிய இடத்தில் எல்லாம் தடால் என்று சத்தம். அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவள் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. விரல்களுக்கு இடையே பலத்தில் வித்தியாசம் இருக்கிறது என்பதை அவள் கருவி அவளுக்குச் சொல்லவே இல்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஏழெட்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு அந்தக் குழந்தை கொடுத்த விலை அது.

ஆகவே முதல் கேள்வி 61-ஆ 88-ஆ என்பதே அல்ல. "டச் ரெஸ்பான்ஸ்" எனப்படும் தொடு உணர்வு இருக்கிறதா, இல்லையா? இது எப்படி வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு மின்தொடுப்புகள் சற்று முன்பின்னாக இருக்கும். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று சேரும், பிறகு மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே கழியும் நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகமான தொடுதல், உரத்த ஓசை. கூடினால் மெல்லிய ஓசை. மின் இசைக்கருவிகளுக்கென்று 1983-ல் வந்த மிடி என்ற பொது ஏற்பாட்டின்படி இந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண் கொடுக்கிறார்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் இது இல்லாத கீபோர்டில் பியானோ கற்க முடியாது என்று துணிந்து சொல்வேன்.

கடையில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. கேசியோவின் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தொடு உணர்வு 300-இல் மட்டும்தான். யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273-க்கு இல்லை, பிஎஸ்ஆர்-இ373-க்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். "ரெண்டும் 61தான் சார், டோன் எல்லாம் நிறைய இருக்கு" என்று கடைக்காரர் குறைந்ததைக் காட்டினால் நம்பிவிடுவோம்.

சோதிப்பதற்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கருவியில் பியானோ ஓசையைத் தேர்ந்தெடுங்கள். ஆர்கன் ஓசையில் சோதிக்க வேண்டாம். நல்ல கருவியிலும் ஆர்கன் ஓசை விரலின் வேகத்துக்கு மாறாது, அசல் ஆர்கனின் இயல்பே அப்படி. பிறகு ஒரே கட்டையை மெல்ல மெல்ல அழுத்துங்கள், உடனே வேகமாகத் தட்டுங்கள். ஓசையின் அளவும், கூர்மையும் மாறினால் தொடு உணர்வு இருக்கிறது. மாறாவிட்டால் உள் அமைப்பில் யாராவது அணைத்து வைத்திருக்கலாம், அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கையோடு ஒரு அளவுகோலும் எடுத்துப் போங்கள். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலம் பதினாறு, பதினாறரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் அது குழந்தைகளுக்கான குட்டிக் கட்டை. அதில் பழகிய கை முழு அளவுக் கருவியில் இடம் தெரியாமல் தடுமாறும்.

அடுத்த படி, கட்டையின் கனம். மரப் பியானோவில் ஒரு கட்டையைக் கீழே இறக்கச் சுமார் 50 கிராம் எடை வேண்டும். அந்த 50 கிராமுக்குப் பின்னால் ஒரு சுத்தியலும் அதைத் தூக்கிவிடும் நெம்புகோல்களும் இருக்கின்றன. கீபோர்டில் அந்த இடத்தில் இருப்பது ஒரு சிறு சுருள்வில். வில்லை விரல் அழுத்துகிறது, சுத்தியலை விரல் எறிகிறது. இந்த வித்தியாசத்தை எழுத்தில் விளக்குவது கடினம், விரல் வைத்தால் ஒரு நொடியில் விளங்கும். டிஜிட்டல் பியானோ எனப்படும் கருவிகளில் தந்தி இருக்காது, ஆனால் கட்டைக்குக் கீழே உண்மையான சிறு சுத்தியல்கள் இருக்கும். தந்தியை அடிக்க வேண்டிய வேலை அவற்றுக்கு இல்லை. விரலுக்கு அந்தக் கனத்தைக் கொடுப்பதற்காக மட்டுமே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கம் போகப் போக இலேசாகவும் இருக்கும், மரப் பியானோவில் இருப்பதுபோலவே.

யமஹா பி-45, 2023-இல் அதன் இடத்துக்கு வந்த பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10, கோர்க் பி2 ஆகியவை இந்த வகையின் தொடக்க மாடல்கள். எல்லாவற்றிலும் 88 கட்டை, சுத்தியல் கனம், தொடு உணர்வு உண்டு. நம் ஊரில் இவை முப்பத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல்வரை போகின்றன. தொடு உணர்வுள்ள 61 கட்டைக் கீபோர்டு பெரும்பாலும் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். எஃப்பி-10-இன் கட்டை எனக்குப் பிடித்தமானது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இவற்றில் எது வாங்கினாலும் பிள்ளைக்குக் குறை வராது. பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இணையக் கடைகளில் பதினைந்தாயிரத்துக்கும் அதற்குக் கீழும் 88 கட்டை என்று வருகின்றன. மடித்து வைக்கலாம், சுருட்டி வைக்கலாம் என்றுகூடப் படம் போட்டிருப்பார்கள். 88 என்ற எண்ணைப் பார்த்துப் பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். கனம் இல்லை, சிலவற்றில் தொடு உணர்வும் பெயரளவுக்குத்தான். நீளமான கீபோர்டு என்பதால் அது பியானோ ஆகிவிடாது. அந்தப் பணத்துக்கு நல்ல பெயருள்ள 61 கட்டை, தொடு உணர்வோடு வாங்குவது எவ்வளவோ மேல். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால் தொடு உணர்வு இல்லாத புதியதைவிட, அது உள்ள பழையதை வாங்கச் சொல்வேன்.

சரி, 61 எத்தனை நாள் தாங்கும்? முழுப் பியானோவின் 88-இல் வெள்ளை 52, கறுப்பு 36. வழக்கமான 61 கட்டைக் கீபோர்டு நடுவிலுள்ள ஐந்து ஸ்தாயிகளைத் தருகிறது (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை ஒரு ஸ்தாயி). இரு முனைகளும் இல்லை. முதலாண்டுப் பாடங்களில் இரண்டு கையும் ஐந்தைந்து விரலுக்குள்தான் அசையும். முதல் இரண்டு நிலை (கிரேடு) தேர்வுப் பாடங்கள்வரை பெரும்பாலும் இடம் போதாமல் போகாது. வால்டரின் பியானோவுக்கும் இன்றைய 61-க்கும் எண்ணிக்கை ஒன்றானாலும் தொடங்கும் இடம் வேறு. மோட்சார்ட்டின் கருவி கீழே, மேற்கத்திய முறையில் எஃப் எனப்படும் சுரத்தில் தொடங்குகிறது. நம் கடைக் கீபோர்டு அதற்கு ஏழு கட்டை மேலே, சி-யில் தொடங்குகிறது. அதனால் மோட்சார்ட்டின் சில பாடங்களிலேயே இடக்கை கீழே இறங்கும்போது கட்டை தீர்ந்துவிடும். பிள்ளை அந்த நிலைக்கு வந்தால் கருவியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், அது மகிழ்ச்சியான செலவு. இடைப்பட்ட வழியாக யமஹாவின் என்பி வரிசையில் 76 கட்டை வரும். கட்டையின் கனத்தில் அது கீபோர்டுக்குத்தான் நெருக்கம். ஆனால் தூக்கிப் போக எளிது.

என் யோசனை இதுதான்: கடன் வாங்காமல் முடியும் என்றால் நேராகக் கனமுள்ள 88-க்குப் போய்விடுங்கள். முடியாவிட்டால் தொடு உணர்வுள்ள 61-இல் இன்றே தொடங்குங்கள். பணம் சேரட்டும் என்று ஒன்றரை ஆண்டு காத்திருப்பதைவிட அந்த ஒன்றரை ஆண்டு கை பழகுவது நல்லது. பிறகு அதை விற்றுவிட்டு ஏறலாம்.

வாங்கும் முன் பெற்றோர் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. நீங்கள் சொல்லித்தருவது கீபோர்டா, பியானோவா? நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம், "கேசியோ கிளாஸ்" என்று சொல்கிறவர்களும் உண்டு. கீபோர்டு வகுப்பில் வலக்கை மெட்டு வாசிக்கும், இடக்கை கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடிக்கும், தாளமும் பின்னணியும் கருவியே கொடுக்கும். அதுவும் முழுமையான ஒரு கலைதான். மெல்லிசைக் குழுவிலும் தேவாலயத்திலும் அதற்கு மரியாதையான இடம் இருக்கிறது. பியானோவில் இடக்கைக்கும் தனி மெட்டு உண்டு, தாளம் வாசிப்பவரின் உடம்பில்தான். டிரினிட்டி காலேஜ் லண்டன் இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்துத் தனித்தனியாகத்தான் தேர்வு நடத்துகிறது. கீபோர்டுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்குத் தாளங்களும் பின்னணிகளும் உள்ள கருவிதான் வேண்டும். பி-45 அதற்கு உதவாது. பியானோத் தேர்வு என்றால் கதை தலைகீழ். அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் கருவி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கர்நாடக இசையும் சேர்த்துக் கற்கும் பிள்ளைகள் நிறைய. கமகத்துக்குச் சுரத்தை வளைக்க வேண்டும். அதற்குக் கருவியின் இடப்பக்கம் ஒரு சிறு சக்கரம் இருக்கும். தொடக்க நிலை டிஜிட்டல் பியானோக்களில் அந்தச் சக்கரம் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் மரப் பியானோவில் சுரம் வளையாது. ஒரே கருவியில் இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்குச் சக்கரமும் தொடு உணர்வும் உள்ள கீபோர்டுதான் வழி. சிடி-எஸ்300-இல் இரண்டும் உண்டு.

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 400 டோன் (ஓசை வகை), 77 ரிதம் (தாள வகை) எல்லாம் பியானோ கற்பவருக்குத் தேவைப்படாதவை. நான்கு நல்ல பியானோ ஓசை போதும். கட்டையில் விளக்கு எரிந்து வழிகாட்டும் மாடல்களைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் வேண்டாம் என்பேன். விளக்கைத் துரத்தும் கண் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கக் கற்காது. ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பதற்கு ஒரு எண் இருக்கும்: 48, 64, 128 என்று. ஓசையை நீட்டும் பெடலை (கால்மிதியை) மிதித்தபடி வாசிக்கும்போது பழைய சுரங்கள் தேங்கி நிற்பதால் எண் சிறியதாக இருந்தால் சில சுரங்கள் பாதியில் அறுந்துபோகும். தொடக்கத்துக்கு 48 போதும், 64 இருந்தால் நெடுநாள் வரும்.

பெடலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கருவியின் பின்புறம் பெடல் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள், மிக மலிவான சிலவற்றில் அதுவே இருக்காது. பெட்டியோடு வரும் சதுர பிளாஸ்டிக் சுவிட்ச் காலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாயோ ஆயிரமோ கூடக் கொடுத்துப் பியானோ மிதிபோல் கனமாக உள்ளதை வாங்குங்கள். மிதித்தால் ஓசை நிற்கிறது, விட்டால் நீள்கிறது என்று தலைகீழாக வேலை செய்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். கருவியை அணைத்து, பெடலை மிதிக்காமல் செருகிவைத்து, மறுபடி போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

உட்காரும் விதத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆர்மோனியத்தைத் தரையில் சம்மணமிட்டு வாசித்த மரபு நமக்கு இருப்பதாலோ என்னவோ, கீபோர்டைக் கட்டிலில் போட்டு வாசிக்கிறார்கள், மடியில் வைத்து வாசிக்கிறார்கள், தரையில் வைத்துக் குனிந்து வாசிக்கிறார்கள். பியானோவில் பலம் தோளிலிருந்து கை வழியாக விரலுக்கு இறங்க வேண்டும். தரையிலிருந்து வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு சுமார் 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரும்படி நாற்காலியைச் சரிசெய்துகொள்ளலாம். குழந்தைக்குக் கால் எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போடுங்கள். தொங்கும் கால் உடம்பையே ஆட்டும். குறுக்காக மடியும் மலிவான ஸ்டாண்டு 3.3 கிலோ சிடி-எஸ்300-ஐத் தாங்கும். 11.5 கிலோ பி-45-ஐ அதில் வைத்து ஓங்கி வாசித்தால் ஊஞ்சல்தான். அதற்குத் தச்சரிடம் சொல்லி ஒரு மரமேசை செய்துகொள்வது இன்னும் உறுதி.

பழைய மரப் பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஆசை எனக்குப் புரிகிறது. அதற்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள், எல்லாம் சேர்ந்து பதினெட்டு டன் அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்கின்றன. கடலோர ஊரின் ஈரமும் உப்பும் தந்தியில் துருவாக ஏறும், பலகை ஊதும், சுத்தியலில் உள்ள ஃபெல்ட் என்ற கம்பளித் துணியை எலியும் பூச்சியும் விடாது. ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க ஆள் வேண்டும். சென்னையை விட்டு விலகினால் அந்த ஆளைத் தேடுவதே பெரும்பாடு. நல்ல டெக்னீஷியன் திறந்து பார்த்துச் சரி என்று சொல்லாதவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பழைய டிஜிட்டல் கருவி வாங்குவதில் அவ்வளவு ஆபத்து இல்லை, சோதித்து வாங்கினால். கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறது. தேய்ந்தாலோ தூசி ஏறினாலோ சில கட்டைகள் ஊமையாகும், அல்லது எப்படித் தொட்டாலும் அலறும். அதனால் முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை ஒவ்வொன்றையும் ஒரே அளவு விசையில் மெல்ல வாசித்துப் பாருங்கள். நடு ஸ்தாயிகளில் அதிகக் கவனம் வேண்டும், தேய்மானம் அங்கேதான். ஹெட்போன் துளையில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், கரகரப்பு இருந்தால் தெரிந்துவிடும். அடாப்டர் அசலா என்று பாருங்கள். வேறு அடாப்டர் என்றால் வோல்ட் எண்ணும், நடு ஊசி நேர்முனையா எதிர்முனையா என்ற சிறு படமும் கருவியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ஒன்றைச் செருகி நல்ல கருவியைப் புகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள், வாரநாள் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில். சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் மரப் பியானோவும் டிஜிட்டலும் கீபோர்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். முதலில் மரப் பியானோவில் ஐந்து சுரம் வாசிக்கச் சொல்லுங்கள், அதே ஐந்தை மற்றவற்றிலும். ஸ்பீக்கரை அதிகம் வைக்காமல், ஒவ்வொரு முறையும் இன்னும் மெல்ல, இன்னும் மெல்ல என்று கேளுங்கள். எந்தக் கருவியில் ஐந்தாவது விரலின் சுரம் கடைசிவரை மெலிந்துகொண்டே வந்து, அறாமல் ஒலிக்கிறதோ, அதற்கு விலை கேளுங்கள்.